கொரோலாவைக் கொடுத்துவிட்டு இரண்டு சீற் கார் வாங்கலாமா? (மஸ்டா எம்எக்ஸ்-5, மார்க்கம்)

கல்வியங்காட்டாள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று புதிதாக வாங்க யோசிக்கிறேன். மியாட்டா என்று சனம் சொல்லுகிற அதே கார்தான். கையால் மடக்குகிற துணிக் கூரை, மனுவல் கியர், இரண்டே இரண்டு சீற். வீட்டில் இதைச் சொன்ன நாளிலிருந்து ஆளாளுக்குச் சிரிக்கிறார்கள். சிரிக்காமல் பதில் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வயது 47. ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கத்தில் வீடு, ஸ்காபரோவில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. ஹைவே எடுக்காமல் மக்கோவன் ரோட்டால் இறங்கினால் அரை மணித்தியாலம், சில நாள் அதற்கும் கூட. வீட்டில் இப்போது இரண்டு கார். ஒன்று ராவ்4 என்கிற உயரமான ரொயோட்டா, அது என் மனுசனுடைய கையில். மற்றது என்னுடைய 2012 கொரோலா. எஞ்சினில் ஒரு குறையும் சொல்ல ஏலாது. ஆனால் பின்சில்லுக்கு மேலே தகரம் கறள் பிடித்து, விரலால் அமத்தினால் பொருபொருவென்று உதிர்கிறது. அதற்குப் பதிலாகத்தான் எம்எக்ஸ்-5-ஐ நினைக்கிறேன், மூன்றாவது காராக அல்ல. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

மகனுக்கு 19, ஜி2 லைசன்ஸ் (முழு லைசன்ஸுக்கு முந்தின படி). மகளுக்கு 16. அம்மாவுக்கு 74, இரண்டு முழங்காலும் சரியில்லை. வெள்ளிக்கிழமைகளில் ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு அவவை நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஏன் இந்தக் கார் என்று கேட்பீர்கள். அப்பா யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 ஒன்று வாடகைக்கு ஓடியவர். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை. கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட விடுவார். அந்தப் புகைக்குள்தான் நான் கிளச் பழகினேன். கனடா வந்த பிறகு ஓடியது எல்லாம் ஓட்டோ. கைக்கும் காலுக்கும் வேலை வைக்கிற கார் ஒன்று திரும்ப வேண்டும், அவ்வளவுதான். வேகத்துக்கு ஆசைப்படுகிற ஆள் நான் இல்லை.

போன கிழமை டீலரிடம் போய் ஒன்றில் ஏறி இருந்து பார்த்தேன். முன்கண்ணாடிக்கு மேலே, நடுவில் ஒரு கொளுக்கி. அதை விடுவித்து, கூரையைத் தலைக்கு மேலால் பின்னுக்குத் தள்ளி, கையால் ஒரு அமத்து. கிளிக் என்றது, முடிந்தது. எழும்பத் தேவையில்லை. மூடுவதும் அப்படித்தான், ஆனால் பின்னுக்குக் கையை எட்டி இழுக்கும்போது தோள் கொஞ்சம் முறுகும். விற்பனைப் பெடியன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "மகனுக்கா அன்ரி?"

காசுக் கணக்கு: ஜிஎஸ் என்கிற அடி மொடலுக்கும் ஜிஎஸ்-பி-க்கும் விலை எழுதித் தந்தார்கள். ஏற்றிறக்கக் கூலி, 13 சதவீத எச்எஸ்ரி வரி எல்லாம் சேர்த்தால் முதலாவது 45,000 டொலருக்குக் கிட்ட, இரண்டாவது 50,000-க்குக் கிட்ட. பாதிக்கு மேல் காசு கையில் இருக்கிறது.

வின்ரரில் இதை ஓடலாமா? இன்சூரன்ஸ் கழுத்தை நெரிக்குமா? ஜிஎஸ்-பி தேவையா? புதிதா, பாவித்ததா? அம்மாவை என்ன செய்வது?

வாங்காதே என்று சொல்ல வருகிறவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள். "இந்த வயதில்" என்று தொடங்குகிற பதில்களை வீட்டிலேயே போதுமான அளவு கேட்டாயிற்று.


கொக்குவில் அண்ணை (ஏஜாக்ஸ்) எழுதியது:

தங்கச்சி, வயதைப் பற்றி நான் கதைக்க வரவில்லை. வின்ரரில் பனி உருக ரோட்டில் கொட்டுகிற உப்பைப் பற்றிக் கதைக்க வந்தேன்.

கனகாலம் கார் திருத்துகிற கராஜில் வேலை செய்தவன் நான். உங்கள் கொரோலாவின் பின்சில்லுக்கு மேலே நடந்ததுதான் ஒன்ராறியோவில் ஓடுகிற எல்லாக் காருக்கும் நடக்கும். எம்எக்ஸ்-5 நிலத்தோடு ஒட்டின கார். லொறி அடிக்கிற உப்புத் தண்ணி முழுவதும் அடிவயிற்றில்தான் படும். வின்ரரில் ஓடத்தான் போகிறீர்கள் என்றால், முதல் வருடத்திலிருந்தே ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் குறோன் மாதிரி எண்ணெய் அடிக்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். டீலர் கடையில் "எலெக்ரோனிக் கறள் தடுப்பு" என்று ஒரு சின்னப் பெட்டியைக் காட்டுவார்கள். அதற்குக் காசு கொடுக்காதீர்கள். இரண்டு நாள் வீட்டுக்குள் எண்ணெய் மணக்கும், பரவாயில்லை, எண்ணெய்தான் வேலை செய்யும்.

இரண்டாவது, உங்கள் மகன். "அவன் என் காரைத் தொடமாட்டான், அவனுக்கு மனுவல் ஓடவே தெரியாது" என்று நீங்கள் சொல்வீர்கள். இன்சூரன்ஸ்காரன் அதைக் கேட்கமாட்டான். ஒரே வீட்டில் லைசன்ஸ் உள்ள பெடியன் இருந்தால் அவனையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்ப்பான், அதுவும் இரண்டு சீற் காருக்கு. வழி ஒன்று உண்டு. ஓபிசிஎஃப் 28ஏ என்று ஒரு படிவம். இன்னார் இந்தக் காரை ஓடமாட்டார் என்று நீங்களும் அவனும் கையெழுத்து வைக்க வேண்டும். வைத்த பிறகு அவசரத்துக்குக் கூட அவன் ஓடக்கூடாது. ஓடி எங்கேயாவது இடித்தால் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடியதாகத்தான் பார்ப்பார்கள், வழக்கு உங்கள் வாசலுக்கும் வரும். திறப்பை எங்கே வைப்பீர்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

இன்னொன்று. வேக எல்லை 80-க்குக் குறைந்த ரோட்டில் 40 கூட ஓடினாலே ஸ்ரண்ட் ட்ரைவிங் என்கிற குற்றம், 80-உம் அதற்கு மேலும் உள்ள ரோட்டில் 50 கூட. பிடித்தால் அந்த இடத்திலேயே லைசன்ஸ் 30 நாளுக்குப் போகும், கார் 14 நாளுக்குப் போகும். ஓடியவர் யார் என்பது வேறு கதை, போவது உங்கள் கார். நீங்கள் ஓடமாட்டீர்கள் என்று தெரியும். பிள்ளை வளர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

என் முடிவு: கொரோலாவை வைத்துக்கொண்டு வாங்குவதென்றால் வாங்குங்கள். கொரோலாவைக் கொடுத்துவிட்டு என்றால் வேண்டாம்.


போரூர் டூ பிராம்ப்டன் எழுதியது:

அக்கா, நான் இந்தக் காரே வைத்திருக்கிறேன். 2019 மாடல், சாஃப்ட் டாப், மேனுவல். பழசாகத்தான் வாங்கினேன். எனக்கு வேறு கார் கிடையாது, அதனால் ஜனவரியிலும் இதுதான். ஓட்டலாமா என்று கேட்டால், தாராளமாக ஓட்டலாம்.

எல்லோரும் பின்சக்கர டிரைவ் என்றாலே பயமுறுத்துவார்கள். நல்ல வின்டர் டயர் நாலும் போட்டால் வழுக்கல் பெரிய பிரச்சினை இல்லை. கார் ஆயிரத்து எழுபது கிலோ சொச்சம்தான், உங்கள் ராவ்4-ஐ விட கிட்டத்தட்ட அரை டன் குறைவு, பிரேக் பிடித்தால் நிற்கிறது. உண்மையான பிரச்சினை உயரம். ராத்திரி பனி கொட்டி, காலையில் நகராட்சி வண்டி வந்து ரோட்டைத் தள்ளிவிட்டு, நம் டிரைவ்வேயின் வாயில் ஒரு வரப்பு போட்டுவிட்டுப் போகும் இல்லையா, அது இந்தக் காரின் மூக்குக்கு மேலே நிற்கும். ராவ்4 அதை ஏறி மிதித்துவிட்டுப் போய்விடும். நான் மண்வெட்டியோடு நிற்பேன். உங்களுக்குக் காலை ஏழு மணி ஷிஃப்ட் என்றால் இதை யோசித்துக்கொள்ளுங்கள். வின்டர் டயருக்கு இன்சூரன்ஸில் சின்னதாக ஒரு தள்ளுபடி உண்டு, ஒன்டாரியோவில் 2016-இலிருந்து எல்லாக் கம்பெனியும் கொடுத்தாக வேண்டும். கேட்டால்தான் போடுவார்கள்.

கடும் குளிரில் கூரையை மடக்காதீர்கள், துணி விறைத்துப் போய் இருக்கும். பின்கண்ணாடி நிஜக் கண்ணாடிதான், சூடாக்கும் கம்பியும் இருக்கிறது, அதில் கவலை இல்லை.

உள்ளே என்ன இடம் இருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். முன்னால் டேஷ்போர்டில் கையுறைப் பெட்டியே கிடையாது. இரண்டு சீட்டுக்கும் நடுவில், முதுகுக்குப் பின்னால், பூட்டு வைத்த ஒரு பொந்து, அதுதான் எல்லாம். கார் பேப்பர், கண்ணாடி, பர்ஸ் எல்லாம் அங்கே. கப் வைக்கும் வளையம் இரண்டும் முழங்கைக்குப் பின்னால் இருக்கும். கியர் மாற்றும் கை காப்பியில் இடிக்காமல் ஓட்டுவது ஒரு தனி வித்தை. ஒன்றைக் கழற்றி பக்கத்து சீட்டின் முழங்கால் பக்கம் மாட்டலாம், பக்கத்தில் ஆள் இல்லாதபோது நான் அப்படித்தான் வைத்துக்கொள்வேன். டிக்கி 130 லிட்டர். கேபின் பேக் இரண்டு மிருதுவானதாக இருந்தால் போகும். 20 பவுண்டு அரிசி மூட்டை, ஒரு பால் பை, காய்கறி, அவ்வளவுதான் கடை. நாலு பேருக்கு வாரச் சாமான் வாங்கினால் பக்கத்து சீட்டும் நிறையும், சீட் பெல்ட் போடச் சொல்லி மூட்டைக்கு மணியடிக்கும்.

401 ஹைவேயில் கூரை மூடி 110-இல் போனால் சத்தம் இருக்கும். போன் பேசினால் எதிர்முனையில் இருப்பவர் "எங்கே, ஏர்போர்ட்டிலா இருக்கிறாய்?" என்பார். கூரை திறந்து ஹைவேயில் ரொம்ப நேரம் போவதென்றால் நான் காதில் அடைப்பான் வைத்துக்கொள்கிறேன். இந்தக் காருக்கு 60, 70-இல் போகும் ரோடுதான் சுகம். காலிடனில் ஃபோர்க்ஸ் ஆஃப் தி கிரெடிட் ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அக்டோபரில் போய் வாருங்கள். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கி வளைத்துப் பாருங்கள். அப்புறம் இங்கே வந்து கேள்வி கேட்கமாட்டீர்கள்.

பெட்ரோல் 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் சுற்றி. 91 ஆக்டேன் போடச் சொல்கிறார்கள், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.


சும்மா வாசிப்பவன் எழுதியது:

அக்கா வாங்கட்டும். வெள்ளிக்கிழமை கோயில் பார்க்கிங்கில் கூரை திறந்து பட்டுச்சேலையோடு இறங்குவதைப் பார்க்கவே நான் வருவேன். முந்தானையைக் கதவுக்குள் விடாதீர்கள்.


கல்வியங்காட்டாள் எழுதியது:

கொக்குவில் அண்ணை, 28ஏ விஷயத்துக்கு நன்றி. இன்சூரன்ஸ் முகவரிடம் கேட்டேன். மகனைச் சேர்த்த விலையையும் சேர்க்காத விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு மகனே பேனையை எடுத்துவிட்டான். ஒரு நிபந்தனை வைத்தான்: அவனுக்கு மனுவல் பழக்க வேண்டுமாம், இந்தக் காரில் அல்ல, வேறு எங்கேயாவது. மனுவல் பழக்குகிற ட்ரைவிங் ஸ்கூல் ஸ்காபரோ பக்கம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

சும்மா வாசிப்பவன் தம்பி, உங்களுக்காகவே அம்மாவைக் கூட்டிக்கொண்டு டீலரிடம் போனேன்.

ஏறுவது பெரிய வேலையாக இருக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, அப்படியே தொப்பென்று இருந்துவிட்டா. கொஞ்சம் உயரத்திலிருந்து விழுந்த மாதிரித்தான். பிறகு ஒரு காலை நான் தூக்கி வைத்தேன், மற்றதை அவவே இழுத்துவிட்டா. கூரையைத் திறக்கச் சொன்னா. அந்த வட்டாரத்தைச் சுற்றி ஒரு ஓட்டம், சந்தோசம்தான். இறங்குவதுதான் பெரும் பாடு. பிடித்து எழும்ப மேலே கைப்பிடி கிடையாது, ஏனென்றால் மேலே கூரையே கிடையாது. கதவு நீளம், பக்கத்துக் கார் கிட்ட நின்றதால் முழுவதும் திறக்கவில்லை. நானும் அந்த விற்பனைப் பெடியனும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். "ஏற ஒருத்தரும் தேவையில்லை, இறங்க இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வை" என்றா அம்மா. பெடியன் இந்த முறை என்னை அன்ரி என்று கூப்பிடவில்லை.

ஆக அம்மாவுக்கு இந்தக் கார் சரிவராது, அது முடிந்த கதை. வெள்ளிக்கிழமைகளில் காரை மாற்றிக்கொள்ளலாம், ராவ்4-ஐ நீ எடு, நான் உன்ரையை எடுக்கிறேன் என்று இவர் சொல்லிவிட்டார். இவர் கொழும்பில் மனுவல் ஓடியவர். ஆறடி ஒரு அங்குலம் உயரம் வேறு. தலை துணியில் முட்டும், முழங்கால் ஸ்ரியரிங்கில் முட்டும் என்று இவ்வளவு நாளும் கதைத்த மனுசன் இவ்வளவு கெதியாகச் சம்மதித்தது எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

இப்போது பிரச்சினை கொரோலா. வைத்திருப்பதா, கொடுப்பதா? கராஜ் இரண்டு கார் நிற்கிற அளவுதான், அதிலும் ஒரு பக்கம் கலியாண வீட்டுப் பாத்திரங்கள்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

அக்கா, கொரோலாவை விற்றால் என்ன வரும் என்று முதலில் பாருங்கள். ஒன்ராறியோவில் காரை இன்னொருவர் பெயருக்கு மாற்றி அவர் ரோட்டில் ஓடுவதென்றால் சேஃப்ரி சேர்ட்டிபிக்கற் வேண்டும். நீங்கள் சொல்லுகிற அந்தக் கறளோடு யாரும் சுலபத்தில் எழுதித் தரமாட்டார்கள். அப்படியே எடுத்துக்கொள் என்று விற்றால் கிடைப்பது வின்ரர் ரயர் நாலு வாங்கவே காணாது. நீங்களே வைத்து ஓடுவதற்கு அந்தப் பத்திரம் தேவையில்லை, காரை மட்டும் பாதுகாப்பாக வைத்திருந்தால் சரி. ஒருக்கால் தூக்கிப் பார்த்து, ஓட்டை மேல்தகரத்தோடு நிற்கிறதா, அடித்தளத்துக்கும் போய்விட்டதா என்று கொக்குவில் அண்ணை மாதிரி ஆளிடம் காட்டுங்கள். மேல்தகரம் மட்டும்தான் என்றால் டிசம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் அது போதும்.

மூன்று காருக்கு இன்சூரன்ஸா என்று பயப்பட வேண்டாம். எம்எக்ஸ்-5 கராஜில் உறங்குகிற மாதங்களுக்கு ஓபிசிஎஃப் 16 போட்டு ரோட்டில் ஓடுகிற காப்புறுதியை நிறுத்தி வைக்கலாம். தீ, களவு மாதிரியானவைக்கு உள்ள காப்புறுதி மட்டும் தொடரும். வசந்தத்தில் ஓபிசிஎஃப் 17 போட்டுத் திரும்பத் தொடங்குவார்கள். ஆனால் வங்கிக் கடனில் எடுத்த காருக்குக் கடன்காரர் இதற்குச் சம்மதிக்க வேண்டும். பாதிக்கு மேல் காசு கையில் இருக்கிறது என்றீர்கள். மிச்சத்தை டீலர் கடனாக எடுக்காமல் வேறு வழியில் எடுக்க முடியுமா என்று பாருங்கள்.

பாவித்ததா புதிதா என்ற கேள்விக்கு: இந்தக் கார் விலை அவ்வளவு கெதியாக இறங்காது. அதனால் இரண்டு மூன்று வருடம் பழையதை வாங்கி மிச்சம் பிடிப்பது நீங்கள் நினைக்கிற அளவு வராது. தனியாளிடம் வாங்கினாலும் 13 சதவீத வரி உண்டு, அதுவும் நீங்கள் கொடுத்த விலைக்கோ ரெட் புக் என்கிற விலைப் புத்தகத்தில் உள்ள மதிப்புக்கோ, எது கூடவோ அதற்கு. "விலையைக் குறைத்து எழுதுவோம்" என்கிற கதை அங்கே எடுபடாது. பழையது பார்ப்பதென்றால் 2019-க்குப் பிறகு உள்ளதைப் பாருங்கள். அந்த வருடத்தில்தான் எஞ்சின் வலு 155-இலிருந்து 181 குதிரைவலுவுக்குப் போனது, ஸ்ரியரிங்கை முன்னே பின்னே இழுக்கிற வசதியும் வந்தது. ஆறடி ஒரு அங்குலக்காரருக்கு அது முக்கியம்.

கடைசியாக நேரம். இப்போது ஒக்ரோபர். இந்த மாதம் டெலிவரி எடுத்தால் வாரண்டி இந்த மாதமே ஓடத் தொடங்கும். மஸ்டா கனடாவில் கிலோமீற்றர் வரம்பில்லாத 3 வருடம் தருகிறது. கிலோமீற்றருக்கு வரம்பில்லை, நாட்காட்டிக்கு இருக்கிறது. கராஜில் துணி போர்த்தி நிற்கிற நாலு மாதமும் அதில் போகும். மார்ச் கடைசியில் டெலிவரி என்று எழுதி வாங்குங்கள்.

எனக்குத் தனிப்பட ஒரு கருத்து உண்டு, பிடிக்காவிட்டால் விடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று இப்படி ஒரு காரை வாங்குகிறவர்களுக்கு மே மாதத்தில் கலியாணவீடு, ஜூனில் மழை, ஜூலையில் ஊரிலிருந்து ஆட்கள், ஓகஸ்டில் திருவிழா. கார் நின்ற இடத்திலேயே நிற்கும். நீங்கள் வேலைக்கு இதில் போகப் போகிறேன் என்கிறீர்கள், அதனால்தான் நான் வாங்குங்கள் என்கிறேன். ஷிஃப்ற் முடிந்து மக்கோவன் ரோட்டில் கூரை திறந்து வருகிற அரை மணித்தியாலம் கிழமையில் ஐந்து தரம் கிடைக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் 45,000 அவ்வளவு மோசமில்லை.


பின்சில்லு எழுதியது:

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை: வேறு எதை வாங்கப் போகிறீர்கள்? இரண்டு சீற், திறந்த கூரை, சாதாரண ஆள் எட்டக்கூடிய விலை என்று கடைக்குப் போனால் கண்ணில் படுவது இது ஒன்றுதான். 1989-இல் ஷிகாகோ கார்க் கண்காட்சியில் இதை முதலில் காட்டியபோது, பிரித்தானியச் சின்ன ரோட்ஸ்ரர்கள் எல்லாம் கிட்டத்தட்டச் செத்துப்போயிருந்தன. அவை எண்ணெய் ஒழுகாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் மஸ்டாவின் யோசனை. 2016-இல் பத்து இலட்சமாவது கார் ஹிரோஷிமாவிலிருந்து வந்தது. நடுவில் எத்தனை வந்து போயின! ஹொண்டா எஸ்2000 2009-இல் நின்றது. பென்ஸ் எஸ்எல்சி, அவுடி ரிரி எல்லாம் போய்விட்டன. இதே ஹிரோஷிமாவில் இதே அடிச்சட்டத்தில் செய்த ஃபியற் 124 ஸ்பைடர் கூட இங்கே 2020-ஓடு சரி. ரொயோட்டா ஜிஆர்86 நல்ல கார்தான், ஆனால் கூரை திறக்காது. பின்னுக்கு இரண்டு சீற் இருக்கிறது என்பார்கள், அதில் பை வைக்கலாம், ஆள் வைக்க ஏலாது.

ஜிஎஸ்-பி பற்றி. அதில் வருவது பில்ஸ்ரைன் சஸ்பென்ஷனும், இரண்டு பின்சில்லும் சேர்ந்து இழுக்க வைக்கிற டிஃபரென்ஷலும். பனியில் ஒரு சில்லு சும்மா சுற்றுகிற நேரத்தில் அந்த டிஃபரென்ஷல் கைகொடுக்கும். வின்ரரில் இதுதான் ஒரே கார் என்றால் ஜிஎஸ்-பி எடுக்கச் சொல்லுவேன். கொரோலாவை வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் அந்த நியாயம் பாதி விழுந்துவிட்டது. மிச்சப் பாதி வளைவுகளில் தெரியும், ஆனால் மக்கோவன் ரோட்டில் வளைவு எங்கே இருக்கிறது? அங்கே இருப்பது சிக்னலும் குழியும். ஜிஎஸ்-இல் 16 அங்குலச் சில்லு, ரயரின் பக்கச்சுவர் கொஞ்சம் உயரம், சஸ்பென்ஷனும் மெத்து. ஏப்ரலில் பனி உருகினபின் ஸ்காபரோ ரோட்டுகள் என்ன கோலத்தில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆள் சாய்கிற அளவுக்குக் கார் சாயும் என்று சிலர் குறை சொல்லுவார்கள். எனக்கு அந்தச் சாய்வு பிடிக்கும், 50-இல் போகும்போதே கார் என்ன செய்கிறது என்று இடுப்புக்குத் தெரியும்.

ஆனால் என் பேச்சைக் கேட்டு எடுக்காதீர்கள். இரண்டையும் ஒரே நாளில், ஒரே ரோட்டில் ஓடுங்கள். வெயில் நாளில் கூரை திறந்து டீலர் காட்டுகிற அழகான ரோட்டில் அல்ல. கூரையை மூடிக்கொண்டு 401-இல் ஏறி, இரண்டு லொறிக்கு நடுவில் மார்க்கம் ரோட்டிலிருந்து யங் வரைக்கும் போங்கள். லொறியின் சில்லு உங்கள் காது உயரத்தில் சுற்றும். அதைப் பார்த்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் எடுங்கள். முடிந்தால், ஆட்கள் தங்கள் காரை வாடகைக்கு விடுகிற டூரோவில் ஒரு எம்எக்ஸ்-5-ஐ வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, குளெனோரா இலவசப் படகில் ஏற்றி பிக்ரன் பக்கம் போய் வாருங்கள். முதுகு என்ன சொல்கிறது என்று திரும்பி வரும்போது தெரியும்.


கொக்குவில் அண்ணை எழுதியது:

களவைப் பற்றியும் ஒரு சொல். இங்கே வாசலில் நின்று மறைகிறவை பெரும்பாலும் ஹைலாண்டர், சிஆர்வி, லெக்சஸ் ஆர்எக்ஸ் மாதிரிச் சாமான்கள். மனுவல் எம்எக்ஸ்-5-ஐத் தேடி வருகிற கள்ளன் குறைவு. ஆனால் துணிக் கூரை. உள்ளே பை ஒன்று தெரிந்தால் கத்தியால் ஒரு கீறு, கூரை மாற்ற ஆயிரக்கணக்கில் போகும். ஆஸ்பத்திரிப் பார்க்கிங்கில் ஒன்றையும் கண்ணில் படுகிற மாதிரி விடாதீர்கள்.

கொரோலாவைக் கொண்டுவாருங்கள், பழைய கூட்டாளியின் கராஜில் தூக்கிப் பார்ப்போம். காசு வேண்டாம், தேத்தண்ணி போதும்.


கல்வியங்காட்டாள் எழுதியது:

எல்லோருக்கும் சேர்த்துப் பதில்.

401-இல் ஓடிப் பார்த்தேன். பின்சில்லு சொன்னது பொய்யில்லை, லொறியின் சில்லு உண்மையாகவே காதுக்குப் பக்கத்தில்தான் சுற்றியது. பயமாக இருந்தது. ஆனால் ஐந்தாவதிலிருந்து நாலாவதுக்கு இறக்கி அதைத் தாண்டினபோது இடது காலுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நான் 401-ஆல் வேலைக்குப் போவதில்லை என்பதும் ஒரு ஆறுதல்.

ஜிஎஸ்-பி-யையும் ஓடினேன். மக்கோவன் ரோட்டில் ஒரு குழியில் இறங்கினபோது பல்லு அடித்தது. ஜிஎஸ்-தான் எடுக்கிறேன். மிஞ்சின காசு எண்ணெய் அடிக்கவும் இன்சூரன்ஸுக்கும் போகட்டும்.

கொரோலாவை அண்ணையின் கூட்டாளி தூக்கிப் பார்த்தார். கறள் மேல்தகரத்தோடு நிற்கிறதாம், இன்னும் இரண்டு வின்ரர் இழுக்கும் என்றார். ஆகவே அது நிற்கிறது. வெளியே ட்ரைவ்வேயில். கராஜில் கலியாண வீட்டுப் பாத்திரங்கள்தான் இடம் மாற வேண்டும், அதற்கு வீட்டில் இன்னொரு சண்டை காத்திருக்கிறது.

டெலிவரி மார்ச் கடைசி என்று எழுதி வாங்கிவிட்டேன். முற்பணத்தைத் திருப்பி எடுக்கலாம் என்ற வரியையும் எழுதச் சொன்னேன், கொஞ்சம் இழுபட்டார்கள், பிறகு எழுதினார்கள். நிறம் சிவப்பு இல்லை. சிவப்பு என்றால் பொலிஸ் பிடிக்கும் என்று அம்மா ஒரே பிடி. சாம்பல்.


போரூர் டூ பிராம்ப்டன் எழுதியது:

வாழ்த்துகள் அக்கா! சாம்பல் நல்லது, உப்பு தெரியாது.

டெலிவரி அன்றைக்கு இரண்டு விஷயம் காட்டச் சொல்லுங்கள். இதில் ஸ்பேர் டயர் கிடையாது, பசை அடைக்கும் கிட்டும் காற்றடிக்கும் சின்ன பம்பும்தான். எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தக் கிட் உதவாது, அதனால் ரோட்டில் வந்து தூக்கிப்போகிற உதவித் திட்டம் ஒன்று எடுத்துவிடுங்கள். இரண்டாவது, கூரை மடங்கும் இடத்தில், சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தண்ணீர் வடிகிற துளை இருக்கும். இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே வந்து கார்ப்பெட் நனையும். மரத்தடியில் நிறுத்துகிறவர் என்றால் வருஷத்துக்கு இரண்டு முறையாவது சுத்தம் பண்ணுங்கள், மெல்லிய பிளாஸ்டிக் குழாய் போதும், கம்பி விட்டுக் குத்தாதீர்கள்.

கராஜில் தூங்க வைக்கும்போது பேட்டரி இறங்காமல் மெல்ல சார்ஜ் ஏற்றும் டெண்டர் போட மறக்காதீர்கள். அப்புறம் எலி. அந்தப் பாத்திரங்களோடு அரிசி மூட்டை ஏதாவது இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள்.